கரணை பிடிக்காத கொத்தனார்

(இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு)



ஆண்டு மலருக்குத் தலைவர்கள் வாழ்க்கை வரலாறு எழுதலாம் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அன்றைக்கே காமராஜர், விஸ்வேஸ்வரய்யா, அப்துல் கலாம் மூன்று பேரையும் முந்திக்கொண்டு எடுத்துவிட்டார்கள். நான் போனபோது யாரும் மிச்சமில்லை. அதனால் நம்மில் அநேகம் பேர் கேள்விப்பட்டிராத ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் ஜோசப் வாரன். ஊர் அமெரிக்காவில் பாஸ்டன். தொழில் டாக்டர். 1775-ஆம் ஆண்டு போரில் செத்துப்போனார். வயது 34.

இவரிடம் நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கப்பா கொத்தனார். சேர்க்கை ஃபாரம் நிரப்பும்போது தகப்பனார் தொழில் என்ற இடத்தில் மேசன் என்று எழுதச் சொன்னார்கள். வீட்டில் படித்தவர்கள் யாரும் இல்லை, என்னைத் தவிர. எழுதியது சரிதானா என்று பிறகு லைப்ரரியில் டிக்ஷனரியைப் பார்த்தேன். சரிதான். ஆனால் அதன் கீழேயே, முதல் எழுத்தைப் பெரிதாக எழுதினால் ஃப்ரீமேசன் என்று அர்த்தம் எனப் போட்டிருந்தது. கூலி வாங்காமல் வேலை செய்யும் கொத்தனார் போலிருக்கிறது, எங்கப்பாவுக்கும் பல இடத்தில் கூலி பாக்கிதானே என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

விஷயம் அதில்லை. பிரிட்டன் தீவுகளில் கோயில், கோட்டை கட்டிய கல் கொத்தனார்களுக்குச் சங்கங்கள் இருந்தன. நாளாவட்டத்தில் கல் வேலை தெரியாத கனவான்களும் அதில் சேர ஆரம்பித்தார்கள். 1717-இல் லண்டனில் நான்கு கிளைகள் ஒன்றுகூடி தலைமைச் சங்கம் அமைத்தன. ஒவ்வொரு கிளைக்கும் லாட்ஜ் என்று பெயர். நம்ம பஸ் ஸ்டாண்டு எதிரில் ரூம் போடுகிற லாட்ஜ் இல்லீங்க. வேலை நடக்கும் இடத்தில் கொத்தனார்கள் போடுகிற கொட்டகைக்கு அந்தக் காலத்தில் அந்தப் பேர். உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் சகோதரர். மூலைமட்டம், காம்பஸ், ரசமட்டம், தூக்குக்குண்டு இவைதான் அவர்களுடைய அடையாளச் சின்னங்கள். தோல் ஏப்ரன்கூட கட்டிக்கொள்வார்கள். சென்னை எழும்பூரிலும் அவர்களுக்கு ஒரு மண்டபம் இருக்கிறது. கொத்தனார் சாமான் எல்லாம் வைத்துக்கொண்டு கரணை பிடிக்கத் தெரியாதவர்கள் என்று எங்கப்பாவிடம் சொன்னபோது அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

அந்தச் சங்கத்தில் போரில் செத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் வாரனை நான் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் ஒரு ஏணி.

வாரன் 1741 ஜூன் 11-இல் பாஸ்டனை ஒட்டிய ராக்ஸ்பரியில் பிறந்தார். அப்பா விவசாயி. ஆப்பிள் தோட்டம். 1755-இல் பையனுக்கு 14 வயது, அப்போதுதான் ஹார்வர்டு கல்லூரியில் சேர்ந்திருந்தான். அந்த அக்டோபர் மாதம் அப்பா ஏணி வைத்து ஆப்பிள் பறிக்கும்போது தவறி விழுந்து கழுத்து முறிந்து இறந்துவிட்டார். வீட்டில் நான்கு ஆண் பிள்ளைகள். கடைசித் தம்பி ஜானுக்கு இரண்டு வயது. அம்மா தோட்டத்தை விற்கவில்லை, பெரியவனின் படிப்பையும் நிறுத்தவில்லை.

நான் பத்தாவது படிக்கும்போது எங்கப்பா சாரத்திலிருந்து விழுந்தார். அவருக்கு ஆயுசு கெட்டி, இடது கால் மட்டும் முறிந்தது. ஏழு மாதம் எங்கம்மாதான் சித்தாள் வேலைக்குப் போய் குடும்பத்தைப் பார்த்தார்கள். நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிடுகிறேன் என்று சொன்னதற்கு கட்டிலில் படுத்தபடியே அப்பா செருப்பை எடுத்து வீசினார். அதனால்தான் அந்தப் பக்கத்தைப் படித்த பிறகு புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. மற்றபடி எனக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

ஹார்வர்டில் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம். மாணவர் பெயரை மார்க் வரிசையிலோ அகர வரிசையிலோ போட மாட்டார்கள். குடும்பத்தின் அந்தஸ்து வரிசையில் போடுவார்கள். உட்காரும் இடம், ஊர்வலத்தில் நடக்கும் இடம் எல்லாம் அதன்படிதான். விவசாயி மகன் வாரனின் பெயர் பின்பாதியில் இருந்தது. 1759-இல் பட்டம் வாங்கி வெளியே வந்தார். ஒரு வருஷம் போல ராக்ஸ்பரியில் வாத்தியார் வேலை. பிறகு ஜேம்ஸ் லாயிடு என்ற டாக்டரிடம் தொழில் பழகினார். மெடிக்கல் காலேஜ் கிடையாத காலம், டாக்டர் தொழிலும் கொத்தனார் தொழில் மாதிரி கூடவே இருந்து கற்றுக்கொள்வதுதான்.

1764-இல் பாஸ்டனில் பெரியம்மை பரவியது. ஜென்னரின் தடுப்பூசி வர இன்னும் 32 வருஷம் இருந்தது. லேசாக அம்மை கண்டவரின் கொப்புளத்துச் சீழை எடுத்து, நல்லா இருப்பவரின் கையில் கீறி வைப்பார்கள். அவருக்கும் அம்மை வரும், ஆனால் பெரும்பாலும் லேசாக வந்து போய்விடும். ஆபத்தான வேலைதான். துறைமுகத்துத் தீவுக் கோட்டையில் ஜனங்களை வைத்து அப்படிக் கீறிவிட்ட டாக்டர்களில் 22 வயசு வாரனும் ஒருவர். பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ் அந்த வருஷம் இவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டு நண்பரானவர். ஆடம்ஸின் மகனுக்கு ஒரு தடவை ஆள்காட்டி விரல் எலும்பு முறிந்தபோது, விரலை வெட்டாமல் காப்பாற்றிக் கொடுத்தவரும் வாரன்தான். அந்தப் பையன் ஆறாவது ஜனாதிபதி ஆனான். அவனைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், பிறகு வருகிறேன்.

லாட்ஜ் விஷயத்துக்கு வருவோம். 1761-இல், 20 வயதில், செயின்ட் ஆண்ட்ரூஸ் லாட்ஜில் சேர்ந்தார். பாஸ்டனில் ஏற்கெனவே பெரிய வியாபாரிகள் வைத்திருந்த லாட்ஜ்கள் இருந்தன. அவர்கள் இதை மதிக்கவே இல்லை. ஏனென்றால் செயின்ட் ஆண்ட்ரூஸில் இருந்தவர்களில் பலர் கைத்தொழில்காரர்கள், கப்பல் மாலுமிகள். வெள்ளி வேலை செய்யும் பால் ரிவியர் அதில் ஒருவர். ரிவியர் வெள்ளிப் பாத்திரம் செய்வார், செம்புத் தகட்டில் படம் வெட்டுவார், வியாபாரம் மந்தமானால் பல் கட்டிவிடுவார். (பல் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) காலேஜ் படித்த டாக்டர், பணக்கார லாட்ஜைத் தேடிப் போகாமல் இவர்களோடு போய் உட்கார்ந்தார். இவர் வாழ்க்கையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

1769 டிசம்பர் 27-இல், ஸ்காட்லாந்துத் தலைமைச் சங்கத்தின் உத்தரவுப்படி, வாரன் தன் வட்டாரத்துக்குக் கிராண்ட் மாஸ்டர் ஆனார். அதற்கு மனுப் போட்டவர்கள் செயின்ட் ஆண்ட்ரூஸ்காரர்கள் மட்டும் இல்லை. அப்போது பாஸ்டனில் முகாம் போட்டிருந்த பிரிட்டிஷ் பட்டாளங்களுக்குள்ளும் லாட்ஜ்கள் இருந்தன. 29-ஆம் ரெஜிமெண்ட்டின் லாட்ஜும் சேர்ந்துதான் இவரைத் தலைவராக்கியது. சகோதரர் என்று கை கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து, 1770 மார்ச் 5 இரவு, அதே 29-ஆம் ரெஜிமெண்ட் சிப்பாய்கள் பாஸ்டன் தெருவில் கூட்டத்தைப் பார்த்துச் சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நம் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பாடத்தில் கொஞ்சம் படித்திருப்பீர்கள். வரி, தகராறு, தேயிலை. கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலைதான் அது, நம்ம சென்னைக் கோட்டையில் உட்கார்ந்திருந்த அதே கம்பெனி. 1773 டிசம்பர் 16 இரவு 342 பெட்டி தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் லாட்ஜ் கிரீன் டிராகன் என்ற சத்திரத்தை விலைக்கு வாங்கி வைத்திருந்தது. மேலே லாட்ஜ் கூட்டம், அதே கட்டடத்தில் அரசியல் கூட்டமும் நடக்கும். ஆனால் லாட்ஜ்தான் புரட்சியைச் செய்தது என்று சிலர் கதை கட்டுவதை நான் நம்பவில்லை. லாட்ஜில் இருந்த எத்தனையோ பேர் ராஜா பக்கம் இருந்தார்கள்.

அந்த 1773-இலேயே வாரனின் மனைவி எலிசபெத் இறந்துவிட்டார். கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம்கூட முடியவில்லை. நான்கு குழந்தைகள்.

1775 ஏப்ரல் 18 இரவு, பட்டாளம் கிளம்பப்போகிறது என்று தெரிந்ததும், ரிவியரையும் வில்லியம் டாஸ் என்பவரையும் இரண்டு வழியாகக் குதிரையில் அனுப்பிவைத்தது வாரன்தான். அமெரிக்காவில் சின்னப் பிள்ளைக்கும் ரிவியரின் அந்தக் குதிரைச் சவாரி தெரியும். அனுப்பிவைத்தவர் பெயர் அவ்வளவு பேருக்குத் தெரியாது. மறுநாள் லெக்சிங்டனில் போர் தொடங்கிவிட்டது. வாரன் தானே போய் அதில் கலந்துகொண்டார். ஒரு குண்டு அவர் காதோரம் தலைமுடியில் குத்தியிருந்த ஊசியைத் தட்டிக்கொண்டு போனது. அடுத்து மாசசூசெட்ஸ் மாகாண காங்கிரஸின் தலைவராகவும் ஆனார். ஜூன் 14-இல் மேஜர் ஜெனரலாகத் தேர்ந்தெடுத்தார்கள். பதவி ஆணை கைக்கு வந்து சேரவில்லை.

இனி பங்கர் ஹில். சிவில் மாணவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். போர் நடந்தது உண்மையில் பங்கர் குன்றில் இல்லை, பக்கத்தில் இருந்த ப்ரீட் குன்றில். பெயர் மட்டும் மாறி நிலைத்துவிட்டது. பாஸ்டனை வளைத்துக்கொண்டிருந்த அமெரிக்கர்கள் ஜூன் 16 இரவு சுமார் 1,000 பேரை சார்லஸ்டவுனுக்கு அனுப்பினார்கள். தளபதி வில்லியம் பிரெஸ்காட். இன்ஜினியர் ரிச்சர்ட் கிரிட்லி, அப்போது 60 வயதைத் தாண்டியவர். நடு ராத்திரிக்கு அவர் தரையில் குறி போட்டுக் கொடுத்தார். எறக்குறைய 130 அடிக்கு 130 அடி. வந்தவர்கள் பெரும்பாலும் விவசாயிகள், கடப்பாரையும் மண்வெட்டியும் பிடித்துப் பழகிய கை. எதிரே ஆற்றில் யுத்தக் கப்பல் நிற்கிறது, சத்தம் கேட்கக் கூடாது. விடியற்காலை நாலு மணிக்குக் கப்பலிலிருந்து பார்த்தபோது, முந்தின நாள் புல் இருந்த இடத்தில் ஆறடி உயர மண் கோட்டை நின்றது. நாலே மணி நேரம்! நம்ம ஒர்க்‌ஷாப்பில் ஒரு அஸ்திவாரம் தோண்ட நாம் எத்தனை நாள் எடுத்தோம் என்று யாரும் கேட்காதீர்கள்.

வாரனுக்கு அன்றைக்குத் தலைவலி, படுத்திருந்தார் என்று எழுதியிருக்கிறார்கள். போக வேண்டாம் என்று நண்பர் எல்பிரிட்ஜ் ஜெரி தடுத்துப் பார்த்தார். கேட்கவில்லை. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மத்தியானம் குன்றுக்கு வந்தார். ஜெனரல் இஸ்ரேல் புட்னம் தலைமை ஏற்கச் சொன்னார், மாட்டேன் என்றார். சண்டை எங்கே கடுமையாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டு மண் கோட்டைக்குள் போனார். அங்கே பிரெஸ்காட்டும் அதையே சொன்னார். ஜெனரல் பதவிக்கு ஆணை இன்னும் வரவில்லை, நான் தொண்டனாகத்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு மற்றவர்களோடு சுவரோரம் நின்றுகொண்டார். ராத்திரி பூரா தோண்டிவிட்டு, சாப்பாடு தண்ணி இல்லாமல் நின்றுகொண்டிருந்த ஆட்கள் அவரைப் பார்த்ததும் சத்தம் போட்டு வரவேற்றார்களாம்.

பிரிட்டிஷ் படை மூன்று தடவை ஏறியது. இரண்டு தடவை திருப்பி அடித்தார்கள். மூன்றாவது தடவை வெடிமருந்து தீர்ந்துவிட்டது. அமெரிக்கர்களில் துப்பாக்கி முனைக் கத்தி வைத்திருந்தவர்கள் ரொம்பக் குறைவு. துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துக் கட்டையால் அடித்தார்கள். கடைசியாக வெளியேறியவர்களில் வாரனும் ஒருவர். தலையில் குண்டு பாய்ந்து அந்த இடத்திலேயே விழுந்தார். பிறந்தநாள் முடிந்து ஆறு நாள்.

விரல் முறிந்த பையனைச் சொன்னேனே, ஜான் குவின்சி ஆடம்ஸ், அவனுக்கு அப்போது ஏழு வயது. சில மைல் தள்ளி ஒரு குன்றில் ஏறி, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சார்லஸ்டவுன் எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நம்ம டாக்டர் அதற்குள் இருக்கிறார் என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

குன்றைப் பிடித்தது பிரிட்டிஷ்காரர்கள்தான். ஆனால் அவர்களில் 226 பேர் செத்தார்கள், 800-க்கு மேல் காயம். வாரனின் உடலை இன்னொருவர் உடலோடு ஒரே குழியில் போட்டு மூடினார்கள்.

ஒன்பது மாதம் கழித்து, 1776 மார்ச் 17-இல், பட்டாளம் பாஸ்டனைக் காலி செய்தது. ஏப்ரலில் தம்பிகளும் நண்பர்களும் குன்றுக்குப் போய்த் தேடித் தோண்டினார்கள். குழியில் கிடைத்த உடலில் முகம் அடையாளம் சொல்லும் நிலையில் இல்லை. ரிவியர் குனிந்து வாயைப் பார்த்தார். வாரனுக்கு அவர் ஒரு பொய்ப் பல் வைத்து, கம்பியால் கட்டிவிட்டிருந்தார். தான் முறுக்கிய கம்பி அவருக்குத் தெரியாதா? பல்லை வைத்து ஒரு போர்வீரனை அடையாளம் கண்டதில் இதுதான் அமெரிக்காவில் முதல் என்று பல் மருத்துவப் புத்தகங்களில் சொல்கிறார்கள். நான் இதைப் படித்துக் காட்டியபோது எங்கப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, தான் பூசின சுவரை முப்பது வருஷம் கழித்தும் தன்னால் சொல்ல முடியும் என்றார்.

ஏப்ரல் 8-இல் கிங்ஸ் சாப்பலில் சவ அடக்கச் சடங்கு. ஏப்ரன் கட்டிய லாட்ஜ் சகோதரர்கள் ஊர்வலமாகப் போனார்கள்.

இதோடு நிறுத்தினால் நல்ல கதையாக இருக்கும். ஆனால் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. சுதந்திரம் சுதந்திரம் என்று மேடை மேடையாகப் பேசிய இதே வாரன், 1770-இல் ஒரு கறுப்பினச் சிறுவனை விலைக்கு வாங்கியிருக்கிறார். 30 பவுன். பையன் நல்லபடியாக உழைத்தால் மேற்கொண்டு 10 பவுனுக்கு மண்பாண்டமாகத் தருவதாக ஒப்பந்தம். ஐந்து பேர் சுடப்பட்டுச் செத்து அப்போது நாலு மாதம்கூட ஆகவில்லை. அந்த ஐந்தில் ஒருவர், கிறிஸ்பஸ் அட்டக்ஸ், ஒரு காலத்தில் அடிமையாக இருந்தவர். பிரெஸ்காட்டின் குன்றில் வாரனோடு நின்றவர்களிலும் பீட்டர் சேலம், சேலம் பூர் போன்ற கறுப்பின வீரர்கள் இருந்தார்கள். சேலம் பூர் அன்றைக்கு எப்படிச் சண்டை போட்டார் என்று 14 அதிகாரிகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காலம் அப்படி என்று சொல்லிவிடலாம். நான் சொல்ல மாட்டேன். ஏணியிலிருந்து விழுந்தவரின் பிள்ளைக்கு, சந்தையில் நிற்கும் பிள்ளையின் முகம் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் அந்த நான்கு குழந்தைகள். அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. வாரன் மறுமணம் செய்துகொள்வதாக இருந்த மெர்சி ஸ்காலே என்ற பெண்தான், கல்யாணம் ஆகாமலேயே அவர்களைப் பார்த்துக்கொண்டார். பேச்சில் வாரனைப் புகழ்ந்தவர்கள் ஊர்பூரா இருந்தார்கள். கையை விட்டு 500 டாலர் எடுத்துக் கொடுத்தவர் ஜெனரல் பெனடிக்ட் ஆர்னால்டு, 1778-இல். காங்கிரஸுக்கும் விடாமல் எழுதினார். 1780 ஜூலையில், கடைசிக் குழந்தை பெரியதாகும் வரை மேஜர் ஜெனரலின் பாதிச் சம்பளம் தர காங்கிரஸ் ஒப்புக்கொண்டது. அதே வருஷம் செப்டம்பரில் ஆர்னால்டு கோட்டையை எதிரிக்கு விற்கப் பார்த்து மாட்டிக்கொண்டு ஓடினார். இன்றைக்கும் அங்கே துரோகி என்றால் அவர் பெயர்தான். ஒரு மனுஷனை ஒரே வரியில் எழுதி முடித்துவிட முடியாது போலிருக்கிறது. ரெண்டு வயசில் அப்பாவை இழந்த கடைசித் தம்பி ஜான், அண்ணனிடமே வைத்தியம் கற்றவர், 1782-இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி தொடங்க முக்கியக் காரணமானார்.

1794-இல் சார்லஸ்டவுனில் இருந்த கிங் சாலமன்ஸ் லாட்ஜ் அந்தக் குன்றில் வாரனுக்காக ஒரு தூண் நிறுத்தியது. கொத்தனார் சங்கம் நிறுத்தியது மரத் தூண். 18 அடி. முப்பது வருஷத்தில் அது உளுத்துவிட்டது. 1825-இல் போரின் ஐம்பதாம் ஆண்டில் கல்லிலேயே கட்டலாம் என்று அடிக்கல் நாட்டினார்கள். 221 அடி, கிரானைட். குவின்சி என்ற ஊர்க் குவாரியிலிருந்து கல் வர வேண்டும். கல்லை ஆற்றுக்குக் கொண்டுவர கிரிட்லி பிரையன்ட் என்ற காண்டிராக்டர் 1826-இல் மூன்று மைல் தண்டவாளம் போட்டு, குதிரை கட்டி வண்டி இழுத்தார். அமெரிக்காவின் ஆரம்பகால ரயில் பாதைகளில் அது ஒன்று. அவரும் படிப்பாளி இல்லை, சின்ன வயசிலேயே கட்டட வேலைக்கு வந்தவர். நடுவில் காசு தீர்ந்து வேலை நின்றது. 1840-இல் பெண்கள் சந்தை போட்டுக் கைவேலைப் பொருள்களை விற்று 30,000 டாலர் போலச் சேர்த்துக் கொடுத்தார்கள். 1843 ஜூன் 17-இல் திறப்பு விழா. உள்ளே 294 படி.

எங்கப்பாவுக்கு இதில் போர், லாட்ஜ், ராஜா எதுவும் மனசில் நிற்கவில்லை. 221 அடிக்குக் கீழேயிருந்து மேலே குறுகிப் போகும் சுவர் என்றதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். சரிவாகப் போகும் சுவருக்குத் தூக்குக்குண்டு எப்படி விட்டிருப்பார்கள் என்று கேட்டார். காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினேன். பென்சிலை வாங்கி என் கோடு ஒன்றை அழித்துவிட்டு, நடுவில் ஒரு கோடு இழுத்து, அளவை இங்கேயிருந்து எடுக்கணும்டா தம்பி என்றார்.